பிசாசின் மெய்ப்பெயர்: பாத்திர ஆட்டங்களில் நாமத்தின் சக்தியும் ரகசியமும்

ஒருவனுடைய பெயரை அறிந்தவன் அவன்மீது அதிகாரம் பெறுகிறான் என்னும் எண்ணம் மிகப் புராதனமானது. வயோதிகனாகிவிட்ட சூரிய தேவன் ராவைப் பாம்பொன்றால் தீண்டச் செய்து, விஷத்தின் வேதனை தாளாமல் அவன் தன் அந்தரங்க நாமத்தை ஒப்புவிக்கும்வரை சிகிச்சை செய்ய மறுத்துவிட்ட ஐஸிஸ் தேவியின் கதை, சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய பாப்பிரஸ் சுருள் ஒன்றில் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. அந்த எண்ணமே கோயிலையும் மந்திரவாதியின் குடிசையையும் கடந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், பகடையும் பென்சிலும் பரப்பிய ஒரு மேஜைக்கு வந்து சேர்ந்தது. 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரைக் கர்த்தாக்களாகக் கொண்டு வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டமே, பாத்திரமேற்று ஆடும் இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலம்.

இதனை அறியாதார் பொருட்டுச் சொல்வதானால், ஒருவர் சூத்திரதாரியாக அமர்ந்து உலகத்தையும் அதில் நிகழ்வனவற்றையும் வர்ணிக்க, மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அப்பாத்திரத்தின் வாயால் பேசி, செய்யத் துணியும் காரியம் கைகூடுமா என்பதைப் பகடையால் நிர்ணயித்துக்கொண்டு போவது இந்த ஆட்டம். இதிலே மந்திரவாதிப் பாத்திரங்கள் பிசாசுகளை ஆவாஹனம் செய்வதுண்டு. பிசாசுக்குப் பெயர் உண்டு. பெயரை அறிந்தால் அதனைக் கட்டலாம். அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது, விலைக்கு விற்கப்படும் ஒரு விதிநூலில் ரகசியம் என்பது எப்படிச் சாத்தியம், ரகசியம் நீங்கிவிட்டால் சக்திக்கு என்ன ஆகிறது என்னும் வினாக்களுக்கு, ஆட்டங்களை இயற்றியோரும் அவற்றை ஆராய்ந்தோரும் அவற்றைக் கண்டு அஞ்சியோரும் வெவ்வேறு விடை கூறியிருக்கின்றனர். அவ்விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மந்திர நூல்களின் வழி வந்ததென்ற கொள்கை

முதலாவதாகச் சொல்லப்படும் விடை எளிமையானது. ஐரோப்பிய மந்திர நூல்களில் பிசாசுகளின் பெயர்களும் அவற்றை அழைக்கும் முறைகளும் எழுதப்பட்டிருந்தன. ஆட்டங்களை இயற்றியோர் அவற்றைப் படித்து எடுத்துக்கொண்டனர் என்பது. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கிறிஸ்து சகாப்தத்தின் முதற் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘சாலமோனின் சாசனம்’ என்னும் கிரேக்க நூலில், எருசலேம் தேவாலயத்தைக் கட்டும் சாலமோன் அரசன் பிசாசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரவழைத்து, உன் பெயர் என்ன, உன்னை அடக்கும் தேவதூதன் யார் என்று விசாரணை செய்கிறான். மாற்கு சுவிசேஷத்திலே இயேசு பிசாசு பிடித்தவனை நோக்கிப் பெயர் கேட்க, லேகியோன் என்று விடை வருகிறது. 1614-ல் ரோமாபுரியில் வெளியான கத்தோலிக்கச் சடங்கு நூலும், பேயோட்டும் குருவானவர் கேட்கவேண்டிய அவசியமான கேள்விகளுள் பிசாசின் பெயரையும் எண்ணிக்கையையும் சேர்த்திருக்கிறது. நம் நாட்டுப் பேயோட்டிகள் ஊரும் பேரும் கேட்டு அதட்டுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

பதினாறாம் நூற்றாண்டில் ஜோஹான் வேயர் என்னும் வைத்தியர், சூனியக்காரிகள் எனப்பட்டோரைத் தண்டிப்பதை எதிர்த்து எழுதிய தம் பெருநூலுக்கு 1577-ல் சேர்த்த அனுபந்தத்தில் 69 பிசாசுகளின் பெயர்களையும் பதவிகளையும் பட்டியலிட்டார். மூடநம்பிக்கையைப் பரிகசிப்பதே அவர் நோக்கமாயினும், யாரேனும் பிரயோகித்துப் பார்த்துவிடலாகாது என்று சில பகுதிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டதாகவும் அவர் கூறினார். இவ்விவரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நலம். 1584-ல் ரெஜினால்ட் ஸ்காட் அதனை ஆங்கிலமாக்கினார். பதினேழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘கொயேஷியா’ என்னும் நூல் எண்ணிக்கையை 72 ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரையையும் வரைந்து வைத்தது. 1904-ல் மந்திர சாஸ்திரிகளான மாதர்ஸ், குரோலி ஆகியோர் பெயரால் அது அச்சாகிப் பரவிற்று. 2006-ல் வெளியான ‘டோம் ஆஃப் மேஜிக்’ என்னும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் துணைநூலில், ஒப்பந்தத்தால் ஆவிகளைத் தன்னுள் ஏற்கும் மந்திரவாதிக்கு உரியனவாக வரும் அமோன், பூயர், பைமோன், நபேரியஸ் முதலிய பெயர்கள் இந்தப் பட்டியலிலிருந்து நேரே எடுத்தவை.

பெயர்கள் வந்த வழி இதுவென்பதில் ஐயமில்லை. ஆனால் பெயரின் சக்தி பற்றிய கோட்பாடும் அதே வழியில் வந்ததென்பது அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. மந்திர நூல்களைக் கூர்ந்து நோக்கினால், பிசாசின் பெயர் அதனைக் கட்டுவதாக அவை சொல்வதில்லை; கட்டுவது இறைவனுடைய நாமங்களும் தேவதூதனுடைய நாமமுமேயாம். பிசாசின் பெயர், கடிதத்தின் மேல் எழுதும் விலாசம்போல, ஆணை எவனுக்கு உரியது என்பதை மட்டும் குறிக்கிறது. சாலமோனின் விசாரணையில் இரண்டாவது கேள்வியே முக்கியமான கேள்வி. மேலும் அப்பெயர்கள் ரகசியமானவையும் அல்ல. பட்டியலாக எழுதிப் பிரதி செய்யப்பட்டவை. ரகசியமாகக் காக்கப்பட்டது நூலும், வேயர் விழுங்கிவிட்டது போன்ற கிரியைகளின் விவரமுமே. ஆட்டங்கள் இந்த ஏற்பாட்டில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தெய்வ நாமங்களை நீக்கிவிட்டன. கற்பனைத் தெய்வங்கள் உலவும் ஓர் ஆட்டத்தில் கிறிஸ்தவ இறைவனின் நாமத்தை வைத்து ஆடுவது யாருக்கும் சம்மதமாக இருந்திராது. அந்த அதிகாரம் நீங்கியபின் வெற்றிடம் ஏற்படுகிறது. அந்த இடத்தை நிரப்பப் பிசாசின் பெயரே தனக்குரிய சக்தியைப் பெறவேண்டியதாயிற்று என்று கொள்வது பொருந்தும்.

கதை இலக்கியத்தின் வழி வந்ததென்ற கொள்கை

வழங்கும் பெயர் ஒன்று, மறைத்து வைத்த மெய்ப்பெயர் ஒன்று, பின்னதை அறிந்தவனே தலைவன் என்னும் இரட்டைப் பெயர்க் கோட்பாடு வேறொரு வழியில் வந்தது என்பது இரண்டாவது கட்சி. இவர்கள் காட்டும் வம்சாவளி, கிரிம் சகோதரர் 1812-ல் அச்சிட்ட ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையில் தொடங்கி, அக்கதையின் ஆங்கில இனமான டாம் டிட் டாட் கதையை வைத்து எட்வர்ட் கிளாட் 1898-ல் எழுதிய ஆராய்ச்சி நூலையும், பழங்குடியினரிடையே பெயர்களுக்குள்ள விலக்குகளை மலைமலையாகக் குவித்த ஜேம்ஸ் பிரேஸரின் ‘தி கோல்டன் பௌ’ என்னும் பெருநூலையும் கடந்து, உர்சுலா லெ குவின் 1964-ல் எழுதிய பெயர்விதி பற்றிய சிறுகதையிலும், 1968-ல் வெளியிட்ட ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’ என்னும் நாவலிலும் வந்து முடிகிறது. எர்த்ஸீயில் மந்திரம் என்பதே பொருள்களின் மெய்ப்பெயரை அறிவது. மனிதன் தன் மெய்ப்பெயரை உயிர்நண்பனுக்கன்றிச் சொல்லமாட்டான். லெ குவினின் தந்தை ஆல்ஃப்ரெட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலறிஞர். கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சியிருந்த ஒரே மனிதர் தம் சொந்தப் பெயரை ஒருபோதும் வெளியிடாமல், ‘மனிதன்’ என்று பொருள்படும் இஷி என்னும் சொல்லாலேயே வழங்கப்பட்டு மறைந்தது அந்தக் குடும்பத்தார் நன்கறிந்த வரலாறு. அது மகளின் கற்பனையில் எவ்வளவு இறங்கியது என்பதை ஊகிக்கலாமே தவிர அளந்து கூற முடியாது.

இக்கட்சி கவர்ச்சியானது, இலக்கிய வாசகருக்கு இயல்பாகவே பிடிப்பது. ஆனால் ஓர் இடையூறு குறுக்கே நிற்கிறது. கைகாக்ஸ் 1979-ல் வெளியிட்ட சூத்திரதாரிக்கான வழிகாட்டி நூலின் இறுதியில், தம்மைப் பாதித்த ஆசிரியர்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். அதில் வான்ஸ் உண்டு, லெய்பர் உண்டு, மூர்காக் உண்டு, லவ்கிராஃப்ட் உண்டு. லெ குவின் இல்லை. ஆட்டத்தின் ஆரம்ப கால மந்திர விதிகளிலும் ‘பெயர்’ என்ற சொல்லைக் காண்கிறோமே தவிர, இருமைப்பட்ட மெய்ப்பெயர்க் கோட்பாடு முழு வடிவில் காணப்படவில்லை. ஆகவே லெ குவினின் செல்வாக்கு இருந்திருந்தால், அது தொடக்கத்தில் விதைக்கப்படாமல், பின்வந்த தலைமுறை ஆட்ட ஆசிரியர்களின் வாசிப்பு மூலம் கிளையில் ஒட்டுப்போட்டதாகவே இருக்கவேண்டும். அந்த ஒட்டு ஏன் தேவைப்பட்டது என்பதுதான் உண்மையான வினா.

அச்சேறிய பெயரின் சங்கடம்

என் அபிப்பிராயத்தில் இவ்வினாவுக்கு விடை மந்திர சாஸ்திரத்திலோ இலக்கியத்திலோ இல்லை. பிரசுரத் தொழிலில் இருக்கிறது. 1976-ல் வந்த ‘எல்ட்ரிச் விஸர்ட்ரி’ என்னும் துணைநூல் பிசாசுகளை முதன்முதலாக ஆட்டத்துக்குள் கொணர்ந்தபோது, அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் சூட்டாமல், முதல் வகை, இரண்டாம் வகை என்று ஆறாம் வகை ஈறாக எண்ணாலேயே குறித்தது. பெயர் பெற்ற தலைவர்கள் ஆர்கஸ், டெமகார்கன் ஆகிய இருவர். அரசாங்க அலுவலகத்துக் கோப்பு எண்களைப் போன்ற இந்த வறட்டு எண்முறை பலருக்கு நகைப்பை ஊட்டியிருக்கிறது. ஆயினும் அதில் ஒரு நியாயம் உண்டு. இனத்துக்கு எண் போதும், பெயர் தனிப்பட்டவனுக்கு உரியது என்பதே அது. 1977-ல் வெளியான ‘மான்ஸ்டர் மேனுவல்’ நான்காம், ஐந்தாம், ஆறாம் வகைகளுக்கு நல்ஃபெஷ்னி, மாரிலித், பேலார் என்று ஒவ்வொரு பெயரை, ‘இன்னும் பிறர்’ என்ற குறிப்போடு, தனி ஆளின் பெயராகவே உதாரணம் காட்டிற்று.

அடுத்த ஆண்டு, 1978-ல், வெளியான ஆட்டக்காரர் கையேட்டில் ‘ககோடெமன்’ என்னும் ஏழாம் படி மந்திரம் சேர்ந்தது. நான்கு முதல் ஆறு வரையுள்ள வகைகளில் ஒரு பிசாசை அது வரவழைக்கும். எந்தப் பிசாசு வரும் என்பது மந்திரவாதிக்கு எந்தப் பெயர் தெரியும் என்பதைப் பொறுத்தது. மந்திரவாதி பாதுகாப்பு வளையத்துக்குள் நிற்கவேண்டும். பிசாசு ஐங்கோணத்துக்குள் அடைபட வேண்டும். தவறினால் அவனையே அது தூக்கிக்கொண்டு போய்விடும்.

இங்கே சங்கடம் வெளிப்படுகிறது. ஒரு நூல் பெயரை அறிவது அரியது என்கிறது. அதே கடையில் அதன் அருகே அடுக்கியிருக்கும் மற்றொரு நூல் அந்தப் பெயரை அச்சிட்டு விற்கிறது. புத்தகம் வாங்கும் அளவுக்குக் கையில் காசுள்ள பதினைந்து வயதுப் பையன் எவனும் மாரிலித்தை அறிவான். இதற்குச் சூத்திரதாரிகள் கண்ட பரிகாரம், ஆட்டக்காரர் அறிந்தது வேறு, அவர் ஏற்ற பாத்திரம் அறிந்தது வேறு என்ற சம்பிரதாயம். நூலில் படித்த பெயரைப் பாத்திரம் தன் முயற்சியால் மறுபடியும் கண்டடைய வேண்டும். அதுவரை ஆட்டக்காரர் அறியாதவர்போல் நடிக்கவேண்டும். பலவீனம் வெளிப்படை: தெரிந்த ஒன்றைத் தெரியாததாகப் பாவித்துத் தேடுவதில் ரகசியத்தின் சுவாரசியம் இராது, நல்லொழுக்கத்தின் சுவாரசியமே மிஞ்சும்.

பின்வந்த பதிப்புகளில் என்ன நேர்ந்தது என்பது இன்னும் சுவையானது. தனியாட்களின் பெயர்களாக இருந்த பேலாரும் மாரிலித்தும் இனத்தின் பெயர்களாயின. ஓர் ஊரில் நூறு பேலார்கள் இருக்கலாம் என்றாயிற்று. அச்சேறிய பெயர் தன் சக்தியை இழந்து சாதிப்பெயராகத் தேய்ந்துவிட்டது என்று இதனை வருணிக்கலாம். அவ்வாறு தேய்ந்தபின், சக்தியுள்ள பெயர் ஒன்று வேண்டுமானால், அது அச்சேறாத வேறொரு பெயராகத்தான் இருக்கமுடியும். 2014-ல் வெளியான ஐந்தாம் பதிப்பின் ‘மான்ஸ்டர் மேனுவல்’ இதனையே செய்தது. பிசாசுகளுக்கெல்லாம் வழங்கும் பெயர்கள் உண்டு என்றும், அவற்றுக்கு அப்பால் அவை மறைத்து வைக்கும் மெய்ப்பெயர் ஒன்று உண்டு என்றும், வசியம் செய்யப்பட்டால் அதனை அவை வெளியிட நேரும் என்றும், பழஞ்சுவடிகளில் அப்பெயர்களின் பட்டியல்கள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்றும் அது கூறுகிறது. பட்டியலை அது தரவில்லை. யூகோலாத் என்னும் மற்றொரு இனத்தாரின் மெய்ப்பெயர்கள் அடங்கிய நூல்களை நிசிச் சூனியக்காரிகள் எழுதி வைத்தனர், அவை கைதவறிப் போயின என்ற கதையையும் சேர்த்திருக்கிறது. அந்நூல்களின் உள்ளடக்கத்தை யாரும் அச்சிடப் போவதில்லை. வேயர் 1577-ல் தம் நூலில் செய்த அதே தந்திரம் இது: நூல் உண்டு என்று சொல், உள்ளே இருப்பதில் முக்கியமானதை விட்டுவிடு.

டெமகார்கனின் பூர்வ சரித்திரம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ரோமானியக் கவி ஸ்டேஷியஸ் தம் ‘தீபைட்’ காவியத்தில், மூவுலகுக்கும் தலைவனான ஒருவனை, அறிதற்கு அனுமதியில்லாதவன் என்று சொல்லிப் பெயர் கூறாமல் விட்டார். பிற்காலத்து உரையாசிரியர் ஒருவர் அந்த இடத்துக்கு எழுதிய குறிப்பில் டெமகார்கன் என்னும் பெயர் தோன்றுகிறது. உலகைப் படைத்தவனைக் குறிக்கும் டெமியூர்கஸ் என்னும் கிரேக்கச் சொல் பிரதி செய்வோரின் கையில் சிதைந்து பிறந்ததே அது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பொக்காச்சியோ அதனைத் தெய்வங்களுக்கெல்லாம் மூதாதையாக்கினார். மில்டன் அச்சத்துக்குரிய நாமமாகத் தம் காவியத்தில் வைத்தார். 1976-ல் அது இருதலைப் பிசாசாக ஆட்டத்துக்குள் நுழைந்தது. சொல்லாமல் விட்ட ஓரிடத்தை நிரப்ப வந்த பெயரே பிசாசாயிற்று.

பெயரே ஆபத்து என்ற கட்சி

1980-களில் அமெரிக்காவில் இவ்வாட்டத்தைப் பற்றி எழுந்த பீதியை ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆட்டத்துக்கு வெளியே நிகழ்ந்த சமூக விபத்தாகவே கருதுகின்றன. ஆனால் பெயரின் சக்தி பற்றிய கொள்கைகளுள் அதுவும் ஒன்று, மிகவும் அக்ஷரார்த்தமான ஒன்று. தம் மகனின் மரணத்துக்கு இவ்வாட்டமே காரணம் என்று நம்பிய பட்ரீஷியா புல்லிங் என்னும் பெண்மணி 1983-ல் ஓர் எதிர்ப்புச் சங்கம் கண்டார். 1984-ல் ஜாக் சிக் வெளியிட்ட சித்திரத் துண்டுப்பிரசுரம், ஆட்டத்தின் படிகளில் ஏறும் இளம்பெண் உண்மையான சூனியத்துக்கு அழைத்துச் செல்லப்படுவதாகச் சித்திரித்தது. இவர்களது வாதத்தின் அடிப்படை, விளையாட்டாக உச்சரித்தாலும் நாமம் நாமமே, மந்திரம் மந்திரமே என்பது. 1990-ல் மைக்கேல் ஸ்டாக்போல் என்னும் ஆட்ட ஆசிரியர் புல்லிங்கின் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். 2015-ல் ஜோசப் லேகாக் என்னும் சமய ஆராய்ச்சியாளர், ஆட்டக்காரர்களைக் காட்டிலும் அவர்களை எதிர்த்தவர்களே தாம் படைத்த கற்பனை உலகத்தில் ஆழ்ந்துபோயினர் என்னும் கருத்துப்பட ஒரு நூல் எழுதினார்.

பிரசுரகர்த்தர்கள் நடந்துகொண்ட விதமும் கவனிக்கத்தக்கது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து ‘டீமன்’, ‘டெவில்’ என்னும் இரு சொற்களும் நீக்கப்பட்டன. கோபங்கொண்ட தாய்மார்களின் கடிதங்களே காரணம் என்று ஆட்டத்தைப் பிரசுரித்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட் 1990-ல் அந்நிறுவனத்தின் பத்திரிகையிலேயே எழுதினார். 1991-ல் அதே பிசாசுகள் ‘தனாரி’, ‘பாட்டெஸு’ என்ற புனைபெயர்களுடன் திரும்பி வந்தன; கொம்பும் சிறகும் அப்படியே இருந்தன. 2000-ல் மூன்றாம் பதிப்பு பழைய சொற்களை மீட்டது. பொருளை வைத்துக்கொண்டு பெயரை மாத்திரம் அகற்றியதால் எதிர்ப்பாளரின் கொள்கையைச் செயலில் ஒப்புக்கொண்டதாகவே ஆயிற்று என்று ஒருவர் வாதிக்கலாம். வியாபார விவேகம் என்று மற்றொருவர் சொல்லிவிடலாம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. 1997-ல் வெளியான ‘டெட் காட்ஸ்’ என்னும் சாகசநூலில், ஆர்கஸைக் கொன்ற தேவி அவன் பெயரையே உலகங்களிலிருந்து துடைத்தெடுக்க முயன்றதாகவும், அவன் டெனெப்ரஸ் என்னும் வேறு பெயருடன் எழுந்து வந்ததாகவும் கதை அமைந்திருப்பது, ஆசிரியரின் குறும்போ தற்செயலோ, அக்காலத்து நிலைமைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இக்கட்சியின் பலவீனத்தைக் காட்ட, இலங்கைத் தமிழரான மானிடவியலறிஞர் ஸ்டான்லி தம்பையா 1968-ல் எழுதிய ‘மந்திரச் சொற்களின் சக்தி’ என்னும் பொருளிலமைந்த கட்டுரை உதவும். சொல்லையும் பொருளையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதாலேயே மந்திர நம்பிக்கை பிறக்கிறது என்ற பழைய விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. சிங்களப் பேயோட்டுச் சடங்குகளையும் மானிடவியலறிஞர் மாலினோவ்ஸ்கி பதிவுசெய்த டிரோப்ரியாண்ட் தீவினரின் மந்திரங்களையும் ஆராய்ந்து, சொல்லும் செயலும் பொருளும் சேர்ந்து இயங்கும் சடங்கின் அமைப்பிலேதான் பயன் அடங்கியிருக்கிறது என்பதை அவர் நிறுவினார். சடங்கு செய்வோரே குழம்பவில்லையென்றால், விளையாடுகிறோம் என்று தெரிந்தே மேஜையில் அமர்ந்தவர்கள் குழம்பினார்கள் என்பது மேலும் கடினமான கூற்று. ஆயினும் தம்பையாவின் வாதம் ஆட்டத்துக்கு ஒரு நன்மையும் செய்கிறது: பெயர் தனியே நின்று எதையும் செய்வதில்லை, அதைச் சூழ்ந்த முறைமையே செய்கிறது என்ற நோக்கு, அடுத்துவரும் இரு கட்சிகளையும் புரிந்துகொள்ள வழிசெய்கிறது.

பெயரைக் கணக்காக்கியோர்

மேற்சொன்ன ‘டோம் ஆஃப் மேஜிக்’ நூலிலேயே, ஒப்பந்தக்காரனோடு, மெய்ப்பெயர் பேசியே வாழும் மந்திரவாதி ஒருவனும் அறிமுகமானான். எதிரியின் மெய்ப்பெயரைச் சரியாக உச்சரித்தால் பலன்; உச்சரிப்பு சரியா என்பதைப் பகடை தீர்மானிக்கும். எட்டவேண்டிய எண், 15-உடன் எதிரியின் வலிமைத் தரத்தின் இரு மடங்கைக் கூட்டினால் வருவது. தேர்ச்சியின் முதற் படியில் அதற்கொத்த எதிரியிடம் 17 வேண்டும். இருபதாம் படியில் அதற்கொத்த எதிரியிடம் 55 வேண்டும். இடையே எட்டவேண்டிய எண் 38 உயர, மந்திரவாதியின் பயிற்சிப் புள்ளிகளோ படிக்கு ஒன்றாக 19 மட்டுமே உயர்கின்றன. போதாக்குறைக்கு, ஒரே சொல்லை அன்றைய தினம் மீண்டும் வெற்றியாகச் சொல்லும்தோறும் எண் இரண்டிரண்டாக ஏறும். அரிய உபகரணங்களைச் சேர்த்துக்கொள்ளாதவன் அநுபவம் பெறப்பெறத் திக்குவாயனாகிறான் என்பது இதன் விளைவு. ஆட்டக்காரர்களிடையே இவ்வகுப்பு தோல்விக்கு உதாரணமாகவே நிலைத்துவிட்டது.

இது வெறும் கணக்குப் பிழையா, கொள்கைப் பிழையா? கணக்கைத் திருத்திவிடலாம். ஆனால் எதிர்ப்படும் எந்தப் பிராணியின் மெய்ப்பெயரையும் அந்தக் கணத்திலேயே ஊகித்து உச்சரிக்கலாம் என்றால், அங்கே ரகசியம் என்ற ஒன்றே இல்லை. மெய்ப்பெயர் மற்றொரு வகை அம்பாகிவிடுகிறது. குறிப்பிட்ட ஒருவனின் அந்தரங்கப் பெயரை ஆராய்ந்து கண்டறிய அந்நூலிலேயே தனி விதி இருந்தும், அது ஓரமாகவே நின்றது.

‘ஷேடோரன்’ ஆட்டம் இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டது. 1989-ல் பிறந்த அவ்வாட்டத்தின் ஆரம்பப் பதிப்புகளில், எஜமானனின் பிடியிலிருந்து விடுபட்ட ஆவிக்கு ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவன் அதனை மறுபடியும் கட்டலாம். அறிவதற்கோ ஆவியுலகம் வரை சென்று சோதனைகளைக் கடந்து வரவேண்டும். உழைத்துப் பெற்ற பெயரே பலிக்கும். பிற்காலப் பதிப்பில் அது பெயர் என்ற நிலையிலிருந்து மாறி, எழுதிவைக்கத்தக்க ஒரு சூத்திரமாயிற்று. சூத்திரத்தைத் திருடலாம், விற்கலாம், எரிக்கலாம். கம்பெனிகளும் கள்வர்களும் நிறைந்த அவ்வாட்டத்தின் உலகத்துக்கு அது பொருத்தமே. பெயருக்குரிய அந்தரங்கம் போயிற்று என்று வருந்துவோரும் உளர்.

பெயரினும் உறவே பெரிதென்ற கட்சி

ரான் எட்வர்ட்ஸ் 1990-களின் நடுவில் தாமே வெளியிட்டு 2001-ல் புத்தகமாக்கிய ‘சார்சரர்’ என்னும் ஆட்டம், பெயர்ப் பிரச்சினையை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்துவிடுகிறது. அங்கே பிசாசை அழைப்பதும் கட்டுவதும் சித்தபலத்தின் போட்டி. கட்டியபின் அதற்கொரு தேவை உண்டு, ஓர் இச்சை உண்டு. அவற்றைத் தீர்க்காவிட்டால் அது முரண்டு பிடிக்கும். தீர்த்துக்கொண்டே போனால் மனிதத்தன்மை என்னும் எண் குறைந்துகொண்டே போகும். ஜப்பானியக் கணினி ஆட்டமான ‘மெகாமி டென்ஸெய்’ 1987 முதல் இதனையே வேறு வகையில் செய்கிறது. அங்கே பல நாட்டுத் தேவர்களும் பிசாசுகளும் ஒரே பட்டியலில் பெயரோடு நிற்கின்றனர். சிவனும் விஷ்ணுவும் காளியும்கூட அதில் வருவதை நம்மவர் சிலர் ரசிக்கமாட்டார்கள். அங்கே பெயர் ரகசியமே அல்ல. பேரம் பேசி, லஞ்சம் கொடுத்து, முகஸ்துதி செய்து பிசாசைத் தன் பக்கம் இழுப்பதே ஆட்டம்.

இவற்றின் பலம் தெளிவு. நூலில் அச்சாகிவிட்டால் கெட்டுப்போகும் எதையும் இவை நம்பியிருக்கவில்லை. ஆயினும் பிசாசைப் பற்றிய அறிவே ஓர் ஆயுதம் என்ற பழைய மகிழ்ச்சி, நூலகத்தில் புழுதி படிந்த ஏட்டைத் தேடிச் செல்லும் அந்தச் சாகசம், இங்கே இல்லை. அதற்காக இவற்றைக் குறைகூறுவது நியாயமா என்பது வேறு.

முடிவாகாதவை

இக்கட்சிகளைச் சீர்தூக்கிப் பார்த்தால், பெயர்கள் மந்திர நூல்களிலிருந்தும், இரட்டைப் பெயர்க் கோட்பாடு பெரும்பாலும் கதை இலக்கியத்திலிருந்தும் வந்தன என்றும், அவற்றை இணைக்க வேண்டிய கட்டாயம் அச்சு நூல் ஏற்படுத்தியது என்றும் கொள்வது தகும் என்று தோன்றுகிறது. 1999-ல் வந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ என்னும் கணினி ஆட்டம் இதற்கு நல்ல சான்று. பெயரில்லாதவன் என்றே அழைக்கப்படும் அதன் நாயகன் கடைசியில் தன் பெயரை அறிந்துகொள்கிறான். ஆடுபவருக்கு அது காட்டப்படுவதில்லை. ஐஸிஸ் கதையை எழுதிய எகிப்தியனும் ராவின் பெயரை வாசகனுக்குச் சொல்லவில்லை.

அச்சிடாமலே இருப்பது எல்லா இடத்திலும் போதுமான விடையாகுமா என்பது நிச்சயமில்லை. நாவலும் கணினி ஆட்டமும் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடலாம். மேஜையில் ஆடும் ஆட்டத்திலோ மந்திரவாதி வாய்திறந்து ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டிய கணம் வந்தே தீரும். ஐந்தாம் பதிப்பின் ‘கேட்’ என்னும் மந்திரம், குறிப்பிட்ட ஒருவரை வரவழைப்பதானால், பட்டமோ புனைபெயரோ செல்லாது, உரிய பெயரையே உச்சரிக்கவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிறது. அப்பெயரைச் சூத்திரதாரி முன்கூட்டியே புனைந்து குறிப்பில் வைத்திருப்பதா, அந்த நிமிஷத்தில் கட்டிச் சொல்வதா, பகடையை உருட்டிவிட்டு ‘பெயரைச் சொன்னாய் என்று வைத்துக்கொள்’ என்று கடந்துவிடுவதா என்பதில் ஒரே வழக்கம் ஏற்படவில்லை. பிசாசு தன் பெயரை மாற்றிக்கொள்ள இயலுமா, ஒருவன் அறிந்த பெயரை மற்றொருவனுக்கு விற்றபின் முதலாமவனின் உரிமை நீங்குமா என்பனவும் இதே இனத்து வினாக்கள்.

ஆட்டக்காரரே பிசாசாக அமரும் ஆட்டங்களில் நிலைமை மேலும் சிக்கலாகிறது. 2002-ல் வெளியான ‘டீமன்: தி ஃபாலன்’ ஆட்டத்தில் வீழ்ந்த தூதர் ஒவ்வொருவருக்கும், தொலைவிலிருந்து பேச உதவும் விண்பெயர் ஒன்றும், அறிந்தவனுக்கு அடிமைப்படுத்தும் மெய்ப்பெயர் ஒன்றும் உண்டு. ஜானதன் ஸ்ட்ரௌட் 2003-ல் தொடங்கிய பார்ட்டிமேயஸ் நாவல் வரிசையில் மந்திரவாதிகள் தம் பிறப்புப் பெயரைப் பிசாசிடமிருந்து காப்பதுபோல, இங்கே காக்கவேண்டியவர் ஆடுபவர். காக்கவேண்டிய பெயரை எழுதிய தாள் அவர் முன்னாலேயே கிடக்கிறது. அடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் நண்பராகவும், ஆட்டத்துக்குள் போட்டியாளராகவும் இருக்கிறார். அவர் எட்டிப் பார்த்து அறிந்த பெயரைத் தம் பாத்திரத்தின் வாயால் பிரயோகித்தால், அது கள்ளத்தனமா, பிசாசுகளின் உலகத்துக்கு ஏற்ற சாமர்த்தியமா என்பதை விதிநூல் தீர்க்க முடியாது. அம்மேஜையைச் சுற்றி அமர்ந்தோர் ஆட்டம் தொடங்குமுன் செய்துகொண்ட உடன்பாட்டைப் பொறுத்தே அது ஒவ்வோரிடத்தும் ஒவ்வொரு விதமாகத் தீர்கிறது.